நொடிகளின் விலை: பந்தயமும் தகவல் தாமதமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஒரு நிகழ்வு நடந்த நொடிக்கும் அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேரும் நொடிக்கும் இடையே கழியும் நேரத்தைக் கணினித் துறையினர் தகவல் தாமதம் என்பர். வங்கிகளும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் இத்தாமதத்தைக் குறைக்கப் பாடுபடுகின்றன. அவற்றோடு போட்டியிடும் அளவுக்கு இதில் பணமும் மூளையும் செலவிட்ட மற்றொரு துறை சூதாட்டம். இன்றைய இணையப் பந்தயத் தளங்கள் நொடியின் சிறு பகுதியையும் கணக்குப் பார்க்கின்றன. இந்த ஓட்டம் இணையத்தோடு தொடங்கியதன்று. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுத முற்படுகிறேன். பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கான விடை கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முடிவு தெரியாத ஒன்றின் மீது இருவர் பணம் வைப்பதே பந்தயம். அறியாமை இருவருக்கும் சமமாக இருக்கும் வரையில் அது ஆட்டம். ஒருவருக்கு மட்டும் முடிவு முன்னரே தெரிந்துவிட்டால் அது ஆட்டமன்று, திருட்டு. ஆகவே பந்தய உலகில் தகவல் தாமதம் என்பது வெறும் பொறியியல் சிக்கல் அன்று. யார் யாரை ஏமாற்ற முடியும் என்பதை முடிவு செய்யும் இடைவெளி அது.

கோபுரங்களின் கைச்சைகை

மின்சாரத் தந்தி தோன்றுவதற்கு முன்பே பிரான்சு நாட்டில் ஒரு தந்தி இருந்தது. 1794ஆம் ஆண்டில் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே குளோது ஷாப் என்பவர் அமைத்த கோபுரத் தந்தி அது. குன்றுகளின் மேல் கோபுரங்களைக் கட்டி, அவற்றின் உச்சியில் மரத்தாலான அசையும் கைகளைப் பொருத்தினர். ஒரு கோபுரத்தின் சைகையை அடுத்த கோபுரத்து ஊழியர் தொலைநோக்கியால் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவார். இவ்வாறு செய்தி கோபுரம் கோபுரமாகத் தாவிச் செல்லும். அது அரசாங்கத்தின் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது.

போர்தோ நகரில் பிரான்சுவா பிளாங்க், ஜோசப் பிளாங்க் என்னும் இரு சகோதரர்கள் இருந்தனர். அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் ஈட்டுவது அவர்கள் தொழில். பாரிசுச் சந்தையின் விலை நிலவரம் அஞ்சல் வண்டியில் போர்தோ வந்து சேரச் சில நாள்கள் ஆகும். அந்தச் சில நாள்களை முந்திவிட்டால் செல்வம் குவியும் என்று அவர்கள் கண்டனர். தூர் நகரத்துத் தந்தி ஊழியர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்து, அரசாங்கச் செய்திகளுக்கு இடையே குறிப்பிட்ட ஒரு பிழையான சைகையைப் புகுத்தச் செய்தனர். உடனே அது பிழை என்று குறிக்கும் சைகையும் தொடரும். செய்தியைப் பெறும் அதிகாரிக்கு அது வழக்கமான எழுத்துப் பிழை. போர்தோவுக்கு அருகே கோபுரத்தைக் கண்காணித்திருந்த கூட்டாளிக்கோ அதுவே சந்தை நிலவரம்!

1834 முதல் 1836 வரை ஈராண்டுகள் இது நடந்தது. பிடிபட்ட பின்னரும் அவர்கள் பெருந்தண்டனையின்றித் தப்பினர். தந்தியை இவ்வாறு பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் அந்நாளில் இல்லை. 1837ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் வந்தது. இக்கதையின் பின்னுரை இன்னும் வியப்பானது. சகோதரர்களுள் ஒருவரான பிரான்சுவா பிளாங்க் பின்னாளில் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் சூதாட்ட மாளிகை நடத்தினார். 1863ஆம் ஆண்டில் மோண்டே கார்லோ சூதாட்ட மாளிகையின் பொறுப்பை ஏற்று அதனை உலகப் புகழ் பெறச் செய்தவரும் அவரே. தகவல் தாமதத்தில் ஒளிந்திருந்த பணத்தைக் கண்டுகொண்டவர், பிற்காலத்தில் சூதாட்டத் தொழிலின் பெருமுதலாளி ஆனார்.

ஆயரின் மகன் அமைத்த இயந்திரம்

1860களில் பாரிசில் வாழ்ந்த ஜோசப் ஓயே என்பவர் குதிரைப் பந்தயத்தில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். பந்தயம் கட்டுவோர் அனைவரின் பணமும் ஒரே தொகுப்பில் சேரும். நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்டபின், எஞ்சியது வென்றவர்களுக்கிடையே பகிரப்படும். ஆகவே ஒரு குதிரைக்குக் கிடைக்கவிருக்கும் பரிசின் அளவு, அக்குதிரையின் மீது எவ்வளவு பணம் சேர்ந்துள்ளது என்பதைப் பொறுத்து நொடிக்கு நொடி மாறும்.

இங்கே கணக்கர்கள் திணறினர். பல சாளரங்களில் ஒரே நேரத்தில் சீட்டு விற்கப்படும்போது, ஒவ்வொரு குதிரைக்கும் சேர்ந்த தொகையைக் கையால் கூட்டிப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் அடுத்த நூறு சீட்டுகள் விற்றுவிடும். பலகையில் மக்கள் காண்பது எப்போதும் பழைய கணக்கு. கணக்கு பிந்தியிருக்கும் இடத்தில் ஐயமும் முறைகேடும் எளிதில் நுழையும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜார்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியாளர். 1873இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர். நியூசிலாந்தில் பொறியியல் பயின்று ஆஸ்திரேலியாவில் பணியாற்றியவர். அவருடைய தந்தையார் கிறைஸ்ட்சர்ச் நகரின் ஆங்கிலிக்கன் ஆயர். ஜூலியஸ் முதலில் வடிவமைத்தது சூதாட்ட இயந்திரமன்று. தேர்தலில் வாக்குகளைப் பிழையின்றி எண்ணும் இயந்திரத்தையே அவர் உருவாக்கினார். அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. மனம் தளராத அவர், அதே கருத்தைக் குதிரைப் பந்தயத்துக்கு மாற்றி அமைத்தார். 1913ஆம் ஆண்டில் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பந்தயத் திடலில் அவ்வியந்திரம் முதன்முதலாக இயங்கியது. அதில் மின்சாரம் இல்லை. கம்பிகளும் கப்பிகளும் பற்சக்கரங்களும் சங்கிலிகளும், கடிகாரத்தில் உள்ளதைப் போல் மெல்ல இறங்கும் எடைகளுமே அதனை இயக்கின. முப்பது சாளரங்களில் விற்கப்படும் சீட்டுகளை அது அவ்வப்போதே கூட்டிக் காட்டியது.

ஒரே நேரத்தில் பலர் தரும் தகவலை உடனுக்குடன் பெற்று, கூட்டி, எல்லாருக்கும் காட்டுவது என்னும் பணியை மின்னணுக் கணினி தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வியந்திரம் செய்துவிட்டது. வாக்குச்சாவடிக்குப் பயன்பட வேண்டிய அறிவு பந்தயத் திடலுக்குப் போனது என்பதை மட்டும் இங்கே குறித்து வைப்போம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

நம் நாட்டுக்கும் பந்தயத் திடல்கள் புதியவை அல்ல. 1896இல் தொடங்கப்பெற்ற சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் பழைய திடல் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்தது. இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. அண்டை நாடான சிங்கப்பூரில் 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தய மரபு 2024 அக்டோபர் 5ஆம் நாள் நடந்த கடைசிப் பந்தயத்தோடு நிறைவுற்றது. திடல்கள் மறைகின்றன. பந்தயம் மறையவில்லை. அது கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

தந்திக் கம்பியும் துப்பாக்கியும்

மின்தந்தியும் தொலைபேசியும் வந்தபின் பந்தய முடிவுகள் திடலை விட்டு வெகுதொலைவு ஓடத் தொடங்கின. அமெரிக்காவில் குதிரைப் பந்தயச் செய்தியை ஊர் ஊராக அனுப்புவதே ஒரு தனித் தொழிலாயிற்று. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் பொதுமக்களின் எதிர்ப்பால் 1904இல் அத்தொழிலைக் கைவிட்டது. உடனே அவ்விடத்தைத் தனியார் சிலர் பிடித்துக்கொண்டனர். திடலுக்குள் அனுமதி கிடைக்காதபோது, வெளியே உயரமான இடங்களில் தொலைநோக்கியோடு ஆள்களை நிறுத்தினர். உள்ளிருந்து ஒருவர் கைச்சைகை காட்ட, வெளியே இருப்பவர் தொலைபேசியில் சொல்வார். நூறாண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சுக் கோபுரங்கள் மீண்டும் உயிர் பெற்றன எனலாம்.

சட்டத்துக்குப் புறம்பான பந்தயக் கடைகளுக்கு இச்செய்தி ஏன் இன்றியமையாதது ஆயிற்று? ஓட்டத்தின் முடிவு கடைக்காரருக்குத் தெரியாமல் வாடிக்கையாளருக்கு முன்னரே தெரிந்துவிட்டால், முடிந்துபோன ஓட்டத்தின் மீது அவர் பணம் கட்டி வென்றுவிடுவார். ஆகவே கடைக்காரர்கள் விரைவுச் செய்திக்கு எந்த விலையும் கொடுக்க அணியமாயிருந்தனர். எல்லாக் கடைகளுக்கும் செய்தியை விற்பவர், எல்லாக் கடைகளையும் ஆட்டிப்படைக்க வல்லவர் ஆனார். இத்தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய மோசஸ் அன்னன்பர்க் 1939இல் தம் செய்திச் சேவையை மூட நேர்ந்தது. 1940இல் வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றார். அவருக்குப்பின் அத்தொழிலை நடத்திய ஜேம்ஸ் ரேகன் 1946இல் சிக்காகோ நகரில் சுடப்பட்டு, சில வாரங்களில் இறந்தார். சில நிமிடங்கள் முந்தி வரும் ஒரு செய்திக்கு மனித உயிர் விலையாயிற்று. பந்தயத் தகவல்களை மாநில எல்லை தாண்டிக் கம்பிவழி அனுப்புவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1961ஆம் ஆண்டில் இயற்றியது.

கம்பியை அறுத்தவர்கள்

இதுவரை கண்டவர்கள் தாமதத்தைக் குறைத்துப் பணம் பண்ணியவர்கள். தாமதத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பணம் பண்ண முயன்றவர்களும் உண்டு.

1953 ஜூலை 16ஆம் நாள் இங்கிலாந்தின் பாத் நகரத் திடலில் ஃபிரான்கசால் என்னும் குதிரை பத்துக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வென்றது. உண்மையில் ஓடியது அதைப் போன்ற தோற்றமுடைய, அதைவிட விரைவான வேறொரு குதிரை. அக்குதிரையின் மீது நாடெங்கும் உள்ள பந்தயக்காரர்களிடம் பணம் கட்டப்பட்டிருந்தது. வழக்கமாக இவ்வாறு பெருந்தொகை வெளியூர்களில் குவிந்தால், பந்தயக்காரர்கள் தொலைபேசி வழியாகத் திடலுக்குச் சொல்லி அனுப்புவர். திடலில் அக்குதிரைக்கான விகிதம் உடனே இறங்கிவிடும். அன்றோ ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு திடலுக்குச் செல்லும் தொலைபேசிக் கம்பி அறுக்கப்பட்டது. செய்தி போய்ச் சேரவில்லை. விகிதமும் இறங்கவில்லை. இச்சதியில் ஈடுபட்ட நால்வர் 1954இல் தண்டிக்கப்பட்டனர்.

1975 ஜூன் மாதத்தில் அயர்லாந்தின் பெல்லூஸ்டவுன் திடலில் நடந்ததற்குக் கத்திகூடத் தேவைப்படவில்லை. பார்னி கர்லி என்பவர் தம் குதிரையான எல்லோ சாம் மீது நாடெங்கும் சிறுசிறு தொகைகளாகப் பணம் கட்டச் செய்தார். அச்சிறிய திடலில் பொதுத் தொலைபேசி ஒன்றே ஒன்று. அவருடைய நண்பர் அதற்குள் புகுந்து, மரணப் படுக்கையில் இருக்கும் அத்தையோடு பேசுவதாகப் பாசாங்கு செய்து, ஓட்டம் தொடங்கும் வரை தொலைபேசியை விடவேயில்லை. பின்னால் காத்திருந்தவர்கள் அவர்மீது இரக்கப்பட்டுப் பொறுமையாக நின்றனராம்! குதிரை இருபதுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வென்றது. வென்ற தொகை மூன்று லட்சம் ஐரிஷ் பவுண்டுக்கும் மேல். இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஆகவே பந்தயக்காரர்கள் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கணினியில் உறங்கிய சீட்டு

கணினி வந்தபின் இத்தகைய தந்திரங்கள் ஒழியும் என்று பலர் எண்ணினர். 2002 அக்டோபர் 26ஆம் நாள் அந்நம்பிக்கை தகர்ந்தது.

அன்று சிக்காகோவுக்கு அருகே ஆர்லிங்டன் பார்க் திடலில் பிரீடர்ஸ் கப் பந்தயங்கள் நடந்தன. அடுத்தடுத்த ஆறு ஓட்டங்களில் வெல்லும் குதிரைகளை முன்கூட்டியே சொல்லும் பந்தயமும் அதில் அடக்கம். நாட்டின் பல பகுதிகளில் கட்டப்படும் பந்தயச் சீட்டுகள் அந்தந்த வட்டாரக் கணினியில் சேரும். அவை அனைத்தையும் உடனே திடலின் கணினிக்கு அனுப்பினால் தகவல் தடம் நெரிசலாகும் என்பதால் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். மொத்தத் தொகை மட்டும் முதலில் போகும். எந்தச் சீட்டில் எந்தக் குதிரைகள் என்னும் விவரம் நான்காவது ஓட்டம் முடிந்த பிறகே போகும். அதுவரை தோற்றுப்போன சீட்டுகளை அனுப்பத் தேவையில்லை அல்லவா? கேட்பதற்கு மிகச் சிக்கனமான ஏற்பாடு.

பந்தயக் கணினி நிறுவனத்தில் பணியாற்றிய நிரலாளர் ஒருவருக்கு இந்த இடைவெளி தெரியும். அவருடைய நண்பர் பால்டிமோரிலிருந்து தொலைபேசி வழியாகச் சீட்டு எடுத்தார். நான்கு ஓட்டங்கள் முடிந்தபின், உறங்கிக் கிடந்த அச்சீட்டைத் திறந்து, வென்ற நான்கு குதிரைகளின் எண்களை நிரலாளர் எழுதிவிட்டார். கடைசி இரு ஓட்டங்களிலும் எல்லாக் குதிரைகளும் ஏற்கெனவே சீட்டில் இருந்தன. ஆறு சீட்டுகள், 30 லட்சம் டாலருக்கும் மேல் பரிசு.

அவர்களைக் காட்டிக்கொடுத்தது குதிரை. யாரும் எதிர்பாராத வோல்போனி 43க்கு ஒன்று என்னும் விகிதத்தில் கடைசி ஓட்டத்தை வென்றது. நாடு முழுவதிலும் வென்ற சீட்டுகள் இந்த ஆறு மட்டுமே, அனைத்தும் ஒரே ஆளுடையவை என்றதும் ஐயம் எழுந்தது. பரிசு நிறுத்தி வைக்கப்பட்டது. கல்லூரி நண்பர்களான மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2003இல் சிறைத்தண்டனை பெற்றனர். தகவல் எங்கே நின்று இளைப்பாறுகிறதோ அங்கே கை வைக்க ஒருவர் வருவார் என்பதே இந்நிகழ்வின் பாடம்.

இணையத்தில் ஒரு நொடி

2000ஆம் ஆண்டில் இலண்டனில் பெட்ஃபேர் தளம் தொடங்கப்பட்டது. அதில் கடைக்காரரிடம் பந்தயம் கட்டுவதில்லை. வாடிக்கையாளர்களே ஒருவருக்கு எதிராக ஒருவர் கட்டிக்கொள்வர். ஆட்டம் தொடங்கிய பின்னரும், பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, பந்தயம் கட்டும் வழக்கம் இத்தகைய தளங்களால் பெருகியது. அதுமுதல் தாமதம் நிமிடக் கணக்கிலிருந்து நொடிக் கணக்குக்கு இறங்கியது.

இத்தாமதம் எங்கெல்லாம் பிறக்கிறது என்று பார்ப்போம். செயற்கைக்கோள் புவிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளிபரப்பு மேலே போய்க் கீழே வருவதற்கே ஏறத்தாழ கால் நொடி ஆகும். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை நேர்க்கோட்டில் இழுத்தாலும் ஏறத்தாழ 10,800 கிலோமீட்டர். ஆகவே நொடியில் இருபதில் ஒரு பங்குக்குக் கீழே எந்த வல்லுநராலும் கொண்டுவர முடியாது. அது இயற்கையின் வரம்பு. ஆயினும் பெரிய தாமதம் அங்கே இல்லை. காணொளியைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி, இணையம் வழியே அனுப்பி, நம் கைப்பேசியில் மீண்டும் சேர்ப்பதற்குப் பல நொடிகள் ஆகின்றன. உலகக் கிண்ணக் காற்பந்தின்போது நம் திரையில் பந்து நடுத்திடலில் இருக்கையிலேயே பக்கத்து வீட்டில் "கோல்!" என்று கூச்சல் எழுவது இதனால்தான்.

தளத்தார் இதனைப் பலவகையில் குறைத்தனர். காணொளியை நம்பாமல், திடலிலேயே ஆள் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாக அனுப்பச் செய்தனர். கணினிகளை வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள நகரங்களில் வைத்தனர். முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறிய எண்ணை மட்டும் அனுப்பினர். முன்பெல்லாம் நம் கணினி "ஏதேனும் மாறியதா?" என்று மையக் கணினியை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். "மணி அடித்துவிட்டதா, ஆசிரியரே?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் மாணவனைப் போல! 2011இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் போன்ற முறைகள் வந்தபின், கேட்க வேண்டியதில்லை. மணி அடித்தால் தானே காதில் விழுவதுபோல், மாற்றம் நேர்ந்தால் தகவல் தானே வந்துவிடும். இதே நுட்பங்கள் பங்குச் சந்தைக்கும் உடனடிச் செய்திக்கும் பயன்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நுட்பத்தின்மேல் குற்றமில்லை.

இத்தனை செய்தும் ஏமாற்று ஒழிந்ததா? 2014 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலியப் பொது டென்னிஸ் போட்டியின்போது பிரிட்டனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆடைக்குள் மறைத்திருந்த கருவியை அழுத்தி, ஒவ்வொரு புள்ளியையும் அதிகாரப்பூர்வத் தகவலுக்கு முன்பே வெளியே அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. மார்ச் மாதத்தில் அவ்வழக்கு கைவிடப்பட்டது. 2016 பிப்ரவரியில் வெளிவந்த செய்தி இன்னும் கவலைக்குரியது. சிறிய டென்னிஸ் போட்டிகளில் நடுவர்கள் சிலர் புள்ளிகளைக் கருவியில் பதிவதை வேண்டுமென்றே தாமதித்து, சூதாடிகளுக்கு இடம் கொடுத்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். கோபுரத்து ஊழியரும் நடுவரும் ஒருவரே. நூற்றெண்பது ஆண்டுகள் மட்டுமே இடையில்.

தாமதத்தைத் திரும்ப அழைத்தவர்கள்

இங்கேதான் வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தை அடைகிறது. விரைவுக்காகக் கோடிகளைச் செலவிட்ட தளங்களே, வாடிக்கையாளர் பந்தயத்தை அழுத்தியதும் அதனைச் சில நொடிகள் பிடித்து வைத்துப் பிறகே ஏற்கின்றன. திடலில் நேரில் பார்ப்பவர், வீட்டில் பின்தங்கிய காணொளியைப் பார்ப்பவரைச் சுரண்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. விரைவு ஒருசிலருக்கே கிடைக்கும்போது, எல்லாருக்கும் சமமான தாமதமே நியாயம் ஆகிறது.

சட்டங்களும் அவ்வழியே சென்றன. ஆஸ்திரேலியாவின 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டம் நடக்கும்போது இணையத்தில் பந்தயம் கட்டுவதைத் தடுத்தது. தொலைபேசியில் பேசிக் கட்டுவதை மட்டும் விட்டுவைத்தது. டென்னிஸ் துறையை ஆராய்ந்த தன்னாட்சிக் குழு 2018ஆம் ஆண்டில், மிகக் கீழ்நிலைப் போட்டிகளின் நேரடிப் புள்ளி விவரங்களைப் பந்தயத்துக்கு விற்பதை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல், இணையச் சுழல் இயந்திர ஆட்டம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 2.5 நொடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. 2025 ஜனவரியில் பிற இணையச் சூதாட்ட மாளிகை ஆட்டங்களுக்கு 5 நொடி என்று விதித்தனர்.

இந்தக் கடைசி விதி ஏமாற்றுக்காரனைத் தடுக்க வந்ததன்று. ஆடுபவனை அவனிடமிருந்தே காக்க வந்தது. என் கட்டுரையின் நோக்கமும் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

கடைசித் தாமதம்

நம் பெற்றோர் காலத்தில் குதிரைப் பந்தயம் வார இறுதியில் மட்டும் வந்தது. நான்கு இலக்க எண் குலுக்கல் வாரத்தில் மூன்று நாள். எண் வாங்கக் கடைக்கு நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மாலை வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு ஒரு தொல்லையாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது ஒரு வேலி. அந்நேரத்தில் சம்பளப் பணத்தின் மீதி நினைவுக்கு வரும், வீட்டில் அரிசி தீர்ந்தது நினைவுக்கு வரும், மனைவி கேட்பார், மகன் பார்ப்பான்.

பள்ளிக்கு வந்த தாய் ஒருவர் ஒருமுறை என்னிடம் கூறியதை இங்கே பகிர்கிறேன். "முன்னெல்லாம் நம்பர் விழலன்னா அன்னிக்கு அதோட முடிஞ்சிரும் ஐயா. இப்ப முடியிறதே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கும் போன்ல ஏதோ டென்னிஸ் ஆட்டம்ங்கிறாரு. யாரு ஆடுறாங்கன்னு அவருக்கே தெரியாது." சூதாட்ட ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம் குறையக் குறைய, ஆட்டம் மனிதனைப் பிடிக்கும் வலிமை கூடுகிறது.

பொறியாளர்கள் கம்பியில் இருந்த தாமதத்தைக் குறைத்தனர். கணினியில் இருந்த தாமதத்தைக் குறைத்தனர். எஞ்சி நின்ற கடைசித் தாமதம், மனிதன் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம். இன்று குறைக்கப்படுவது அதுதான். முந்தைய தாமதங்கள் குறைந்தபோது கடைக்காரரோ எதிராளியோ இழந்தார். இது குறையும்போது ஒரு குடும்பம் இழக்கிறது.

நம் நாட்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கடையையும் தாள் சீட்டையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சட்டம் மட்டும் நம் பிள்ளைகளைக் காத்துவிடும் என்று இருந்துவிட முடியாது.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்? சூது என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் தனியே வகுத்திருக்கிறார். அதனைப் பொருள் சொல்லி மனனம் செய்யவைப்பதோடு நில்லாமல், இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்லலாம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கோபுரக் கதையும் தொலைபேசிக் கதையும் நன்றாகவே புரியும். கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: "இந்தச் செய்தி முதலில் யாருக்குத் தெரியும்? எனக்கு எப்போது தெரியும்? அந்த இடைவெளியில் பணம் யாருக்குப் போகிறது?" இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை கைப்பேசியில் ஒளிரும் எந்த விளம்பரத்தையும் சற்று நின்று பார்க்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் விளையாடும் கைப்பேசி ஆட்டங்களில் பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் வகை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்தவுடன் முடிவு, முடிந்தவுடன் இன்னொன்று என்னும் அதே அமைப்பு அங்கேயும் உண்டு. அத்தகைய எதற்கும் வீட்டில் ஓர் எளிய விதி வைக்கலாம்: இன்று ஆசைப்பட்டதை நாளைதான் வாங்கலாம். ஓர் இரவு என்பது மிக நீண்ட தாமதம். பெரும்பாலான ஆசைகள் அதைத் தாண்டுவதில்லை.

ஜார்ஜ் ஜூலியசின் இயந்திரம் முதலில் வாக்குகளை எண்ணப் பிறந்தது என்று மேலே குறித்து வைத்தோம். விரைவாகக் கணக்கிடும் அறிவுக்குத் தன்னளவில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அது எந்த வாசலில் வேலைக்கு நிற்கிறது என்பதே வினா. நம் வகுப்பறைகளில் இன்று கணினி கற்கும் பிள்ளைகளுள் சிலர் நாளை நொடிகளைக் குறைக்கும் பொறியாளர்களாக வருவர். எந்த நொடியைக் குறைக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்னும் தெளிவையும் அவர்களுக்கு இப்போதே கொடுத்து அனுப்புவோம்.